கணித மென்பொருளும் அயல் நிரலும்: லைப்ரரிப் பதிப்புகள் முரண்படும்போது

பெங்களூரிலிருந்து ஓசூர் செல்லும் நெடுஞ்சாலையில், எலெக்ட்ரானிக்ஸ் சிட்டியைக் கடந்ததும் பொம்மசந்திராவும் அதையடுத்துச் சந்தாபுராவும் வருகின்றன. தொழிற்சாலைகள் மலிந்த இப்பகுதியில் சந்தாபுரா ஏரி கழிவுநீர் கலந்து கெட்டது. அதனைக் காக்கத் தவறியமைக்காகக் கர்நாடக அரசு 500 கோடி ரூபாய் இழப்பீடு செலுத்த வேண்டும் எனத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2022ஆம் ஆண்டு அக்டோபரில் ஆணையிட்டது. இத்தகைய ஏரியின் நீரை எடுத்துப் பரிசோதிக்கும் களப் பணியாளருக்கும், அதனையே செய்முறைப் பாடமாக நடத்தும் ஆசிரியருக்கும் இறுதியில் வேண்டுவது ஓர் எண்ணே. அந்த எண் சரியானதா என்பது ஏரியை மட்டுமல்லாமல், கணக்கிட்ட யந்திரத்தையும் பொறுத்தது.

நீரில் கலந்துள்ள அழுக்கின் அளவை அறிய உயிர்வேதி ஆக்சிஜன் தேவை என்னும் அளவீடு உபயோகப்படுகிறது. அழுக்கை உண்ணும் நுண்ணுயிர்கள் குறிப்பிட்ட நாட்களில் எவ்வளவு ஆக்சிஜனைச் செலவிடுகின்றன என்பதே அது. இந்தியாவில் இதனை 27 டிகிரி சென்டிகிரேடு வெப்பநிலையில் 3 நாட்கள் வைத்து அளப்பது வழக்கம். மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் வகைப்பாட்டின்படி, திறந்த வெளியில் குளிப்பதற்குரிய நீரில் இது லிட்டருக்கு 3 மில்லிகிராமுக்கு மேற்படலாகாது. ஒரு நாள் அளவோடு நில்லாமல் ஐந்து நாட்கள் தொடர்ந்து அளந்தால், அழுக்கின் மொத்த அளவையும் அது சிதையும் வேகத்தையும் தனித்தனியே கணிக்கலாம். இதற்கு ஐந்து அளவீடுகளோடு மிக நன்கு பொருந்தும் வளைகோட்டைக் காண வேண்டும். இந்த மீச்சிறு வர்க்கக் கணக்கைக் கையால் செய்வது சலிப்பூட்டும் வேலை. ஆகவே சைலேப், மேட்லேப், ஆக்டேவ் முதலிய கணித மென்பொருள்களை நாடுகின்றனர்.

இம்மென்பொருள்களில் இல்லாத முறை ஒன்று தேவைப்படும்போது, பிறர் சி, சி பிளஸ் பிளஸ் அல்லது ஃபோர்ட்ரான் மொழியில் எழுதி வைத்த நிரலைக் கொண்டுவந்து இணைப்பது வழக்கம். இங்குதான் தொல்லை தொடங்குகிறது. ஆசிரியரின் சொந்தக் கணிப்பொறியில் செம்மையாக நடந்த நிரல், கல்லூரி ஆய்வுக்கூடத்தில் புரியாத செய்தியொன்றைக் காட்டி நின்றுவிடுகிறது. நிரலில் ஓர் எழுத்தும் மாறவில்லை. மாறியது அது சார்ந்து நிற்கும் லைப்ரரிகளே.

ஒரே பெயர், இரண்டு உருவம்

லைப்ரரி என்பது பல நிரல்கள் பொதுவாக உபயோகிப்பதற்காக ஓரிடத்தில் தொகுத்து வைத்த ஆயத்த நிரல்களின் கட்டு. எண்களைப் பெருக்குதல், அணிகளைத் தீர்த்தல், எழுத்துக்களைத் திரையிடல் போன்ற வேலைகளை ஒவ்வொரு நிரலும் தானே செய்வதில்லை. லைப்ரரியைக் கேட்டுப் பெறுகிறது. நிரல் ஓடத் தொடங்கும்போது, அதற்கு வேண்டிய லைப்ரரிகளைத் தேடி நினைவகத்தில் ஏற்றும் பொறுப்பு ஏற்றி எனப்படும் ஒரு சிறு நிரலைச் சார்ந்தது.

லினக்ஸில் இந்த ஏற்றி சாதாரணமாக இரு விதிகளைக் கைக்கொள்கிறது. ஒரு பெயருள்ள லைப்ரரி ஏற்கெனவே நினைவகத்தில் இருந்தால், அதே பெயரில் வேறொன்றை அது தேடிச் செல்லாது. ஒரே பெயருள்ள சார்பு இரண்டு லைப்ரரிகளில் இருந்தால், தேடும் வரிசையில் முதலில் எதிர்ப்படுவதையே எடுத்துக்கொள்ளும். ஒரே தெருவில் முருகேசன் என்ற பெயரில் இருவர் இருக்க, உறையில் வீட்டு எண் இல்லாவிடில், தபால்காரர் முதல் வீட்டு முருகேசனிடமே கடிதத்தைக் கொடுத்துவிட்டுப் போவார் அல்லவா? அவர்மீது குற்றமில்லை. முகவரி போதவில்லை.

கணித மென்பொருளில் இது ஏன் அடிக்கடி நேருகிறது எனில், அம்மென்பொருள்கள் தமக்கு வேண்டிய லைப்ரரிகளைத் தம்முடனேயே கொண்டுவருகின்றன. மேட்லேப், சைலேப் இரண்டின் லினக்ஸ் பதிப்புகளும் சி பிளஸ் பிளஸ் மொழியின் அடிப்படை லைப்ரரியைத் தம் சொந்த அடைவிலேயே வைத்திருப்பதுண்டு. எந்த யந்திரத்தில் நிறுவினாலும் தவறாமல் ஓட வேண்டும் என்பதே இதன் நோக்கம், அது நியாயமானதே. ஆயினும் அவ்வாறு கொண்டுவந்த பிரதி, வெளியான நாளன்றே உறைந்துவிடுகிறது. யந்திரத்திலுள்ள கம்பைலரோ ஆண்டுதோறும் வளர்கிறது. அயல் நிரலைப் புதிய கம்பைலர் கொண்டு தயாரித்துப் பழைய பிரதியை ஏற்றியுள்ள மென்பொருளுக்குள் நுழைத்தால், நிரல் தேடும் புதிய சார்புகள் அங்கே கிடைப்பதில்லை.

இந்தியாவிலேயே இதற்குத் தக்க எடுத்துக்காட்டு உண்டு. மத்திய கல்வி அமைச்சகத்தின் ஆதரவில் மும்பை ஐ.ஐ.டி.யில் நடைபெறும் ஃபாஸி திட்டம், கட்டணமில்லா மென்பொருள்களைக் கல்லூரிகளில் பரப்பி வருகிறது. பிரான்ஸின் இன்ரியா நிறுவனத்தில் தோன்றிய சைலேப் அவற்றுள் ஒன்று. இதற்கென ஃபாஸி உருவாக்கிய உகப்பாக்கக் கருவித்தொகுதி, ஐபாப்ட், சி.எல்.பி., சி.பி.சி., பான்மின் முதலிய அயல் தீர்ப்பிகளைச் சைலேப்புடன் இணைக்கிறது. ஐபாப்ட் என்பது சி பிளஸ் பிளஸ் மொழியில் எழுதியது. அது தன் உள்கணக்குகளுக்குப் பெரும்பாலும் மம்ப்ஸ் என்னும் தீர்ப்பியை அழைக்கிறது. மம்ப்ஸ் ஃபோர்ட்ரானில் எழுதியது. ஆகவே அதற்கு ஃபோர்ட்ரான் அடிப்படை லைப்ரரி வேண்டும். இவ்விரண்டுக்கும் அணிக் கணக்குகளைச் செய்யும் பிளாஸ், லாபேக் லைப்ரரிகளும் வேண்டும். சைலேப்போ தன்னுடைய பிளாஸையும் லாபேக்கையும் ஏற்கெனவே ஏற்றி வைத்திருக்கிறது. மாணவர் திரையில் எழுதுவது ஒரே வரிதான். அதன் பின்னே ஐந்தாறு லைப்ரரிகள் ஒன்றோடொன்று உடன்பட வேண்டியிருக்கிறது.

செய்தியைப் படிக்கும் முறை

பிழைச் செய்தி தோன்றியதும் மென்பொருளை நீக்கிவிட்டு மீண்டும் நிறுவுவது பலரின் வழக்கம். அரை நாள் வீணாகும். பழைய பிரதியே திரும்ப வந்து உட்காரும். செய்தியைப் பொறுமையாகப் படித்தால் நோய் எதுவென்று அதுவே சொல்லும்.

லைப்ரரிக் கோப்பைத் திறக்க இயலவில்லை, அப்படியொரு கோப்பே இல்லை என்பது ஒரு வகை. இது பெரும்பாலும் ஃபோர்ட்ரான் லைப்ரரியில் நேரும். ஜி.சி.சி. கம்பைலரின் ஃபோர்ட்ரான் லைப்ரரி 6ஆம் பதிப்பு வரை 3 என்னும் இலக்கத்தையும், 2017இல் வந்த 7ஆம் பதிப்பில் 4 என்னும் இலக்கத்தையும், 2018இல் வந்த 8ஆம் பதிப்பிலிருந்து 5 என்னும் இலக்கத்தையும் பெயரின் இறுதியில் தாங்கி நிற்கிறது. பழைய தீர்ப்பி 3ஐத் தேடும்; புதிய யந்திரத்தில் 5 மட்டுமே இருக்கும். இந்நிலையில் 5க்கு 3 என்று மாற்றுப் பெயர் சூட்டி ஏமாற்றும் தந்திரம் ஆய்வுக்கூடங்களில் பரவலாக வழங்குகிறது. இது மிகத் தவறானது. 8ஆம் பதிப்பில் அணிகளை நினைவகத்தில் விவரிக்கும் அமைப்பே மாறிவிட்டது. பெயரை மாற்றியதால் உள்ளமைப்பு மாறாது. பெயர் மாறியதே எச்சரிக்கைக்காகத்தான்.

சி பிளஸ் பிளஸ் லைப்ரரியின் கதை வேறு. 2004இல் வெளியான ஜி.சி.சி. 3.4 முதல் அதன் கோப்புப் பெயர் மாறவேயில்லை. இறுதியில் எப்போதும் 6 என்றே இருக்கும். மாறுவது உள்ளேயுள்ள பதிப்புச் சீட்டு. ஜிலிப்சிஎக்ஸ்எக்ஸ் என்ற பெயருடன் 3.4.21 போன்ற எண் சேர்ந்த சீட்டு கிடைக்கவில்லை என்ற செய்தி தோன்றினால், கோப்பு கிடைத்தது, ஆனால் அது பழையது என்று கொள்ள வேண்டும். 3.4.21 என்பது 2015இல் வந்த ஜி.சி.சி. 5.1இன் சீட்டு, 3.4.26 என்பது 2019இன் 9.1க்கு உரியது, 3.4.29 என்பது 2021இன் 11ஆம் பதிப்புக்கு உரியது. இந்த எண்ணைக் கண்டதுமே எந்த ஆண்டின் கம்பைலர் நிரலைத் தயாரித்தது என்று கூறிவிடலாம்.

குறிப்பிட்ட சார்பு வரையறுக்கப்படவில்லை என்று கூறி, அப்பெயரின் நடுவே சிஎக்ஸ்எக்ஸ்11 என்ற எழுத்துக்கள் தென்படுமானால், அதுவும் 2015இன் மாற்றத்தைச் சார்ந்ததே. அவ்வாண்டு எழுத்துச்சரங்களையும் பட்டியல்களையும் அமைக்கும் முறை மாறியது. பழைய முறையில் தயாரித்த நிரலும் புதிய முறையில் தயாரித்த நிரலும் அவற்றை ஒன்றுக்கொன்று கைமாற்றிக்கொள்ள இயலாது. விண்டோஸில் மாட்யூல் கிடைக்கவில்லை என்று வரும் செய்தி, பெயர் குறிப்பிட்ட கோப்பைப் பற்றியதாகவே இருக்க வேண்டியதில்லை. அக்கோப்பு சார்ந்துள்ள மற்றொன்று காணாமற்போனாலும் அதே செய்திதான் வரும்.

எந்தப் பிரதி ஏறியது?

லினக்ஸில் எல்.டி.டி. என்னும் கட்டளை ஒரு நிரலுக்கு வேண்டிய லைப்ரரிகளையும் அவை கிடைக்கும் இடங்களையும் பட்டியலிடும். பெரும்பாலோர் இங்கேயே நின்றுவிடுகின்றனர். அனைத்தும் கிடைப்பதாக எல்.டி.டி. காட்டும், மென்பொருளுக்குள்ளோ பிழை தொடரும். இதில் மர்மம் ஏதுமில்லை. எல்.டி.டி. பதில் சொல்வது கட்டளைத் திரையின் நிலைமைக்கு. கணித மென்பொருள் தொடங்கும்போதே லைப்ரரித் தேடுவழியை மாற்றித் தன் அடைவை முன்னே வைப்பதுண்டு. தன் பிரதியையும் ஏற்றி முடித்துவிடுகிறது. அதற்குப் பின் நுழையும் அயல் நிரலுக்கு, வெளியே எத்தனை புதிய பிரதி இருந்தும் பயனில்லை.

ஆகவே ஓடிக்கொண்டிருக்கும் மென்பொருளையே கேட்க வேண்டும். ஒவ்வொரு நிரலும் எந்தெந்தக் கோப்புகளை நினைவகத்தில் ஏற்றியுள்ளது என்பதை லினக்ஸ், பிராக் என்னும் அடைவில் அந்நிரலின் எண்ணின் கீழ் மேப்ஸ் என்ற பெயரில் காட்டுகிறது. அதில் சி பிளஸ் பிளஸ், ஃபோர்ட்ரான், பிளாஸ், லாபேக் என்னும் நான்கின் முழு முகவரிகளைத் தேடி எழுதிக்கொண்டால், வழக்கு முக்கால்வாசி தீர்ந்தது போலத்தான். எல்.டி. டீபக் என்னும் சூழல்மாறிக்கு லிப்ஸ் என்று மதிப்புக் கொடுத்து மென்பொருளைத் தொடங்கினால், ஏற்றி எங்கெங்கு தேடியது என்பதும் வரிசையாகத் தெரியவரும்.

பரிகாரம்

மென்பொருளைத் தயாரித்தோர் ஆதரிப்பதாக அறிவித்த கம்பைலர் பதிப்பைக் கொண்டே அயல் நிரலை மீண்டும் தயாரிப்பதுதான் முறையான வழி. மற்றவை யாவும் இதற்கு அடுத்த நிலையிலேயே வைக்கத்தக்கவை. மூல நிரல் கையிலிருக்கும்போது குறுக்கு வழிகளைத் தேடுவது வீண் சாமர்த்தியம்.

மூல நிரல் இல்லாதபோது, மென்பொருளின் பழைய சி பிளஸ் பிளஸ் பிரதிக்குப் பதில் யந்திரத்தின் புதிய பிரதியை முதலில் ஏற்றலாம். புதிய பிரதியில் பழைய சீட்டுகளும் இருப்பதால், பழைய நிரல்கள் அதனால் சாதாரணமாகப் பாதிக்கப்படா. எல்.டி. பிரீலோடு என்னும் சூழல்மாறியால் இதனை ஒரு முறைக்கு மட்டும் செய்து பார்க்கலாம். மென்பொருளின் கோப்பை அழிப்பதைவிட இது மேலானது. பயன்படவில்லையெனில் சூழல்மாறியை நீக்கினால் போதும். ஆனால் ஜிலிப்சி எனப்படும் அமைப்பின் அடித்தள லைப்ரரியில் இம்முயற்சி ஆகாது. முழு யந்திரமும் அதன்மேல் நிற்கிறது. அதன் சீட்டு கிடைக்கவில்லை என்றால், பழைய யந்திரமொன்றில் நிரலைத் தயாரிப்பதே தக்கது.

சி பிளஸ் பிளஸ் லைப்ரரியை அயல் நிரலுக்குள்ளேயே நிலையாகப் பிணைத்துவிடும் முறையும் உண்டு. அப்போது எல்லையைக் கடந்து செல்வன வெறும் எண்களும் எண் அணிகளுமாகவே இருக்க வேண்டும். எழுத்துச்சரங்களும் பிழை அறிவிப்புகளும் எல்லை தாண்டினால், இரு பிரதிகளும் ஒரே பொருளை இரு விதமாகப் புரிந்துகொள்ளும்.

இவையனைத்தையும்விட எளிய வழி ஒன்றுண்டு. அயல் நிரலைத் தனி நிரலாகவே ஓட்டி, அளவீடுகளை ஒரு கோப்பில் எழுதிக் கொடுத்து, விடையை மற்றொரு கோப்பில் வாங்கிக்கொள்ளலாம். இரண்டும் தனித்தனி நினைவகத்தில் ஓடுவதால் முரண்பாட்டுக்கே இடமில்லை. மென்பொருள் அமைத்து வைத்த தேடுவழி தனி நிரலுக்கும் தொற்றாதவாறு அதனை நீக்கிவிட்டு அழைத்தால் போதும். இதனைக் கௌரவக் குறைவாகக் கருதுவோர் உண்டு. ஐந்து அளவீடுகள் கொண்ட ஏரிக் கணக்குக்கு இதைவிடச் சிறந்த ஏற்பாடு தேவையில்லை.

பிழை அறிவிக்காத பிழை

இதுவரை கூறியவை வெளிப்படையாகக் கூவும் நோய்கள். இனிக் கூறப்போவது அதனினும் கொடியது.

பிளாஸ், லாபேக் லைப்ரரிகளில் முழு எண்ணை 4 பைட்டில் வைக்கும் வகையும் 8 பைட்டில் வைக்கும் வகையும் உண்டு. சார்புகளின் பெயர்களோ பெரும்பாலும் இரண்டிலும் ஒன்றே. 64 பிட் மேட்லேப்பில் உள்ளது 8 பைட் வகை. லினக்ஸ் தொகுப்புகளில் சாதாரணமாகக் கிடைப்பது 4 பைட் வகை. ஜூலியா மொழியினர் இதனை உணர்ந்து, தம் 8 பைட் வகையில் சார்புப் பெயர்களின் இறுதியில் 64 என்ற அடையாளத்தைச் சேர்த்தனர். வீட்டு எண் எழுதிய உறை அது. மற்ற இடங்களில் தபால்காரர் பாடு பழையபடியே.

ஏரிக் கணக்கில் அளவீடுகள் 5, அறிய வேண்டியவை 2. இவ்விரு எண்களும் 4 பைட் அளவில் நினைவகத்தில் அடுத்தடுத்து இருப்பதாகவும், அழைக்கப்பட்ட லைப்ரரி 8 பைட் வகையாக இருப்பதாகவும் கொள்வோம். அது முதல் எண்ணோடு அடுத்ததையும் சேர்த்தே படிக்கும். இன்றைய சாதாரணக் கணிப்பொறிகளில் இரண்டாவது எண் 429,49,67,296 மடங்காகப் பெருகி முதலோடு சேரும். 5 என்பதை லைப்ரரி 858,99,34,597 எனப் படிக்கும். நிரல் அங்கேயே சரிந்து விழுந்தால் அது நல்வாய்ப்பு. அடுத்த இடத்தில் தற்செயலாகச் சுழியம் இருந்தால் 5 என்றே படிக்கும்; அன்று கணக்கு சரியாக வரும், வேறொரு நாள் வராது.

இதற்கு நேர்மாறான நிலையில், 8 பைட்டில் அனுப்பிய தனி எண்ணை 4 பைட் லைப்ரரி சரியாகவே படித்துவிடும். அதனால் எல்லாம் ஒழுங்காக நடப்பதாகத் தோன்றும். ஆனால் அணியின் வரிசை மாற்றங்களைக் குறித்து லைப்ரரி திருப்பித் தரும் எண் பட்டியலில், இரண்டிரண்டு எண்கள் ஒன்றாக ஒட்டிக்கொள்ளும். பட்டியலை அடுத்த படியில் உபயோகிக்கும் நிரல் தவறான வரிசைகளை மாற்றக்கூடும். அப்போது திரையில் பிழைச் செய்தியின்றி ஒரு தவறான எண் நிற்கும். பல செயலிகளில் கணக்கைப் பகிர்ந்தளிக்கும் ஓப்பன் எம்.பி. லைப்ரரி இரு பிரதிகளாக ஏறும்போதும் இவ்வபாயம் உண்டு. இன்டெலின் பிரதி அந்நிலையைக் கண்டு நிரலை நிறுத்தி, தொடர்ந்தால் விடைகள் ஓசையின்றித் தவறக்கூடும் என எச்சரிக்கிறது. அந்த எச்சரிக்கையை அடக்கும் சூழல்மாறியைப் பரிகாரமென மாணவருக்குக் கற்பிப்பது, காய்ச்சலுக்கு வெப்பமானியை உடைப்பது போன்றது.

இந்நோயைக் காண ஒரே வழி, விடை தெரிந்த கணக்கைக் கொடுத்துப் பார்ப்பது. அழுக்கின் மொத்த அளவு லிட்டருக்கு 10 மில்லிகிராம், சிதையும் வேகம் நாளொன்றுக்கு 0.25 என வைத்துக்கொண்டால், முதல் ஐந்து நாட்களின் ஆக்சிஜன் செலவு முறையே 2.21, 3.93, 5.28, 6.32, 7.13 ஆகும். இவற்றை அயல் நிரலுக்குக் கொடுத்தால், 10, 0.25 என்னும் இரண்டும் மிகச் சிறிய வேறுபாட்டுடன் திரும்ப வர வேண்டும். ஒரு முறை வந்தால் போதாது. மென்பொருளை மூடித் திறந்து மீண்டும் செய்ய வேண்டும்; அதே அமர்வில் வேறொரு பெரிய அணிக் கணக்கை நடத்திய பின்னரும் செய்ய வேண்டும். அளவீடுகளின் எண்ணிக்கையை ஐந்திலிருந்து நான்காகக் குறைத்தும் பார்க்க வேண்டும். விடைகள் ஒவ்வொரு முறையும் சற்றே வெவ்வேறாக வந்தால், அது பெரும்பாலும் அளவீட்டின் குறையன்று.

யந்திரத்தின் அமைப்பைப் புதுப்பித்த மறுநாளும் இச்சோதனை அவசியம். பைத்தான் உபயோகிப்போர் 2024 ஜூனில் இதனை அனுபவித்தனர்: நம்பை 2.0 வெளியானபோது, 1ஆம் வரிசைக்கெனத் தயாரித்த பல அயல் தொகுதிகள் இயங்க மறுத்தன. அவற்றை மீண்டும் தயாரிக்க நேர்ந்தது. அங்கே மறுப்பாவது வெளிப்படையாக வந்தது. ஏரி நீரின் அளவீட்டுப் பதிவேட்டில் நாள், இடம், வெப்பநிலை ஆகியவற்றுக்கு அடுத்த பத்தியில் மென்பொருளின் பதிப்பு, கம்பைலரின் பதிப்பு, ஏறியிருந்த பிளாஸ், லாபேக் கோப்புகளின் முழு முகவரி, சோதனைக் கணக்கின் விடை ஆகியவற்றையும் குறித்து வைக்க இரண்டு வரி இடம் போதும்.